280 பீஸ் எங்கே போச்சு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். நடுவில் கம்ப்யூட்டர் விஷயம் வரும். அதைப் பார்த்துவிட்டு 'டீச்சருக்கு எதற்கு இந்த வேலை' என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அடிப்படையில் இது சம்பள விஷயம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கே பத்தாவது படிக்கும் பையன் இருக்கிறான். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறாள். பீஸ் ரேட் வேலை. எத்தனை பீஸ் அடிக்கிறாளோ அத்தனைக்குத்தான் காசு. சனிக்கிழமை சம்பளம்.

காபி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்ன கண்ணு, ஒரு மாதிரி இருக்கறே?"

"டீச்சர், புதன்கிழமை மத்தியானம் அடிச்ச 14 பண்டல் கம்ப்யூட்டர்ல இல்லைன்னு சொல்றாங்க. நான் அடிச்சது எனக்குத் தெரியாதுங்களா?"

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு பண்டலிலும் ஒரு சீட்டு இருக்கும். 20 பீஸ் கொண்ட பண்டல். வேலை முடிந்ததும் லைன் கடைசியில் இருக்கும் டேப்லெட்டில் அந்தச் சீட்டைக் காட்டினால் அவள் கணக்கில் ஏறிவிடும். முன்பெல்லாம் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதுவார். இப்போது இது.

அந்தப் புதன்கிழமை நடந்தது ஒரு நல்ல காரியம். டெய்லர்கள் ரொம்ப நாளாகக் கேட்டபடி, அந்த வேலைக்கு பீஸுக்கு 1 ரூபாய் 10 காசாக இருந்த கூலியை 1 ரூபாய் 20 காசாக ஏற்றினார்கள். மத்தியானம் மூன்றரை மணிக்கு ஆபீஸில் புது ரேட்டைப் போட்டார்கள். போட்டால் மட்டும் அது வேலை செய்யாதாம். சாஃப்ட்வேரை நிறுத்தி மறுபடி ஓட விட வேண்டுமாம். நிறுத்தினார்கள். ஓட விட்டார்கள். இரண்டு நிமிடம்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அதுவரை பதிந்த கணக்கு அந்த இரண்டு நிமிடத்தில் போய்விட்டது.

14 பண்டல், 280 பீஸ், 308 ரூபாய். கூலியை ஏற்றப்போய் கூலி காணாமல் போனது.

"சூப்பர்வைசர் என்ன சொன்னார்?"

"சிஸ்டத்துல இல்லீங்கக்கா, நான் என்ன பண்ணட்டும்னு சொல்றாருங்க."

அவள் பையிலிருந்து பையனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தாள். பின் பக்கங்களில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. கடைசியில் நாலு கோடு மட்டும். ஐந்து, ஐந்து, நான்கு. தேதியும் போட்டிருந்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க டீச்சர்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

---

அன்று சாயங்காலம் கோயமுத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் போன் போட்டேன். "ஏன் சாமி, ஒரு ரேட்டை மாத்தறதுக்கு மொத்தத்தையும் நிறுத்தியே ஆகணுமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க பெரியம்மா. நிறுத்தாமலே மாத்தலாம். அது தெரிஞ்ச விஷயம்தான். சோம்பேறித்தனத்துல நிறுத்தறாங்க" என்றான். அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினான். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன். தப்பிருந்தால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் திருத்துங்கள்.

சர்வர் என்பது எப்போதும் விழித்திருந்து, கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு கணினி. அதில் ஓடும் நிரலுக்கு, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஒரு கோப்பு தனியாக இருக்கும். நம் போனில் 'செட்டிங்ஸ்' இருக்கிறதே, அதைப் போல. கூலி எவ்வளவு, வரி எத்தனை சதவீதம், ஷிப்ட் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

பெரும்பாலான நிரல்கள் இந்தக் கோப்பைக் கண் விழிக்கும்போது ஒரே ஒரு தடவைதான் படிக்கும். படித்து மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஹெச்எம் காலையில் ப்ரேயரில் சர்க்குலரைப் படித்துவிட்டு மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் யாரோ மேஜையைத் திறந்து சர்க்குலரைத் திருத்திவிட்டுப் போனால் ஹெச்எம்முக்கு எப்படித் தெரியும்? காலையில் படித்ததைத்தான் அவர் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

அவருக்குத் தெரிவிக்க இரண்டு வழி. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டு மறுபடி மணி அடித்து ப்ரேயரிலிருந்து தொடங்குவது ஒன்று. 'சர்க்குலர் மாறியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள்' என்று ஒரு பையனிடம் சொல்லி அனுப்புவது இன்னொன்று. அந்தக் கம்பெனியில் செய்தது முதல் வழி.

இரண்டாவது வழி இன்று நேற்று வந்ததல்ல. யூனிக்ஸ் என்னும் பழைய இயங்குதளக் காலத்திலிருந்தே உண்டு. அந்தக் காலத்தில் கணினியோடு டெலிபோன் லைன் வழியாகவும் இணைவார்கள். லைன் அறுந்தால், 'போன் வைத்தாகிவிட்டது, கடையைக் கட்டு' என்று நிரலுக்கு ஒரு சைகை போகும். அதற்குப் பெயர் 'ஹேங் அப்', சுருக்கமாக 'ஹப்'. ஆனால் சர்வரில் பின்னணியில் ஓடும் நிரல்களுக்கு எந்த டெலிபோனும் கிடையாது. அவற்றுக்கு அந்தச் சைகை சும்மா கிடந்தது. சும்மா கிடந்ததை எடுத்து, 'உன் கோப்பை மறுபடி படி' என்று அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். இன்றும் பல சர்வர் நிரல்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

எஞ்சின்-எக்ஸ் என்று ஒரு வெப் சர்வர். ரஷ்யாக்காரர் இகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்டது. உலகத்தில் ஏராளமான இணையதளங்கள் அதில்தான் ஓடுகின்றன. அது கோப்பை மறுபடி படிக்கும் விதத்தைக் கேட்டபோது எனக்கு நம்ம ஊர் லைன் சூப்பர்வைசர் ஞாபகம்தான் வந்தது.

அங்கே ஒரு தலைமை நிரல், அதற்குக் கீழே வேலை செய்யும் நிரல்கள். கோப்பு மாறிவிட்டது என்று சைகை வந்ததும், தலைமை முதலில் புதுக் கோப்பில் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை இருக்கிறதா என்று பார்க்கும். பிழை இருந்தால் அதைத் தொடாது. பழையபடியே வேலை நடக்கும். சரியாக இருந்தால் புது விதியோடு புது வேலையாட்களை இறக்கும். பழைய வேலையாட்களிடம், 'இனிமேல் புது வேலை எடுக்காதே, கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போ' என்று சொல்லும். பாதியில் யாரையும் எழுப்பிவிடாது. கையிலிருக்கும் பண்டலைப் பிடுங்காது.

இதைக் கேட்டதும் நான் சொன்னேன்: "சாமி, மனுஷன் எழுதின நிரலுக்கு இவ்வளவு மரியாதை தெரியுது. அதை ஆபீஸ்ல வெச்சு ஓட்டற மனுஷனுக்குத் தெரியலையே."

அவன் சிரித்தான். பிறகு, "பெரியம்மா, தப்பு ரெண்டு. ரேட் மாத்தறதுக்காக நிறுத்தினது ஒண்ணு. ஸ்கேன் பண்ணினதை உடனே எழுதி வைக்காம, நினைவுல மட்டும் வெச்சிருந்து மெதுவா எழுதினது இன்னொண்ணு. ரெண்டாவது தப்பு இல்லைன்னா முதல் தப்பு தெரிஞ்சே இருக்காது" என்றான். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அரைகுறையாகச் சொன்ன பாவம் எனக்கு வரும்.

---

ஓடும்போதே மாற்றுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது என்று அர்த்தம் இல்லை. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உங்களில் சிலர் அன்று விமான நிலையத்தில் மாட்டியிருப்பீர்கள். கையால் எழுதிய போர்டிங் பாஸ் படங்களை அன்று நம் குடும்ப குரூப்பில்கூடப் போட்டார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கணினிகளுக்கு நம் நேரப்படி காலை 9:39-க்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. நிரலை மாற்றவில்லை. இப்படி இப்படி நடந்துகொள் என்று சொல்லும் கோப்புதான். கணினியை நிறுத்தாமலே, அதை வைத்திருப்பவருக்குத் தெரியாமலே உள்ளே போகும்படி வைத்திருந்தார்கள்.

அந்தக் கோப்பு 21 விவரங்கள் வரும் என்று நினைத்து எழுதப்பட்டது. அதைப் படிக்கும் நிரல் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடப் போய் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. மைக்ரோசாப்ட் சொன்ன கணக்கு 85 லட்சம் கணினிகள். 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் தானாக எழவில்லை. பெரும்பாலும் ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அதற்குப் பிறகு அப்படித்தான் படிப்படியாக அனுப்புவோம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

இன்னொன்று. நான் தேர்வு அறைக் கண்காணிப்பாளராகப் போன காலத்தில் நடந்தது. பரீட்சை தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு கேள்வியில் அச்சுப்பிழை, இப்படித் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள் என்று தகவல் வந்தது. பரீட்சையை நிறுத்தவில்லை. ஒருவர் அறை அறையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எட்டு அறையில் ஏழு அறைக்குத்தான் போனார். மாடியில் தனியாக இருந்த எட்டாவது அறை அவர் ஞாபகத்தில் இல்லை. அந்த அறைப் பிள்ளைகள் தப்பான கேள்விக்கு உயிரைக் கொடுத்து விடை எழுதிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்து வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இந்தக் கதையை என் தங்கை மகனிடம் சொன்னபோது அவன், "பெரியம்மா, அமெரிக்காவுல இதே எட்டுல ஒண்ணுதான்" என்றான். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் புது நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள். எட்டாவதில் விட்டுப்போனது. எல்லாவற்றுக்கும் ஒரே குறி போட்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னபோது, ஏழு சர்வர்களும் அதைப் புது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டன. எட்டாவதற்கு அந்தக் குறிக்குப் பழைய அர்த்தம்தான் தெரியும். பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய நிரலை அது எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல். அந்த நிறுவனம் அதன்பிறகு தனியாகத் தலைதூக்கவில்லை; இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது.

நம்ம ஊர்த் தேரைப் பாருங்கள். சித்திரையில் அவிநாசித் தேர் வீதி முனையில் திரும்பும்போது யாரும் அதை நிலைக்குக் கொண்டுபோய்த் திருப்பி வைப்பதில்லை. ஓட்டத்திலேயே சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் திருப்புகிறார்கள். ஆனால் கட்டை போடுபவர், வடம் பிடிப்பவர், சைகை காட்டுபவர் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கத்துக்குச் சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்துக்குச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

---

என் தங்கை மகன் எனக்கு மறுப்பும் சொன்னான். அவன் நியாயத்தையும் எழுதுகிறேன்.

"நிறுத்தி ஓட விடறதுலயும் ஒரு சுத்தம் இருக்குங்க பெரியம்மா. ஓடும்போதே மாத்திட்டே இருந்தா, கோப்புல ஒண்ணு இருக்கும், நிரலோட நினைவுல ஒண்ணு இருக்கும். ஆறு மாசம் கழிச்சு கரண்ட் போய் மறுபடி ஓட விடும்போது எழுந்திருக்காது. எப்ப, யாரு, என்ன மாத்தினாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதனால நாங்க பல இடத்துல நிறுத்தித்தான் மாத்தறோம். ஆனா ஒரே சர்வரை வெச்சுக்க மாட்டோம். நாலு இருக்கும். ஒண்ணை நிறுத்தி மாத்தும்போது மத்த மூணும் வேலை செய்யும். அப்புறம் அடுத்தது."

அதோடு சில விஷயங்களை நிறுத்தாமல் மாற்றவே முடியாதாம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் பல அமைப்புகளை ஓடும்போதே மாற்றலாம். ஆனால் அது தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் பொது நினைவகத்தின் அளவை மாற்றினால் நிறுத்தி ஓட விட்டால்தான் நடப்புக்கு வரும். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க யாரும் காலி செய்ய வேண்டாம். அஸ்திவாரத்தைத் தொட வேண்டும் என்றால் காலி செய்யத்தான் வேண்டும்.

ஒத்துக்கொள்கிறேன். நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறுத்து. ஆனால் நிறுத்தும் முன் கையில் இருப்பதை எழுதி வை. வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டு நிறுத்து. சாப்பாட்டு நேரத்திலோ, ஷிப்ட் முடிந்த பிறகோ நிறுத்து. மத்தியானம் மூன்றரை மணிக்கு, 18 டெய்லர்கள் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு ரேட்டுக்காக நிறுத்தாதே. ரேட் என்பது அஸ்திவாரம் இல்லை. அது அடிக்கடி மாறும் என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். அடிக்கடி மாறும் என்று தெரிந்த ஒன்றை, நிறுத்தாமல் மாற்ற முடியாத இடத்தில் வைப்பது எழுதியவர் செய்த தப்பு.

---

சரி, நிறுத்தாமல் மாற்றியாகிவிட்டது. அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். புது விதி யாருக்கு?

என் மாணவியின் 14 பண்டலுக்கு எந்த ரேட்? மூன்றரை மணிக்கு முன்னால் முடித்தவை. அப்போது நடப்பில் இருந்தது 1 ரூபாய் 10 காசு. ஆகவே 308 ரூபாய். புது ரேட்டில் 336 வரும். அவளே என்னிடம், "எனக்கு 308 தான் டீச்சர், கூட வேண்டாம்" என்றாள். கணக்கு அவளுக்குத் தெளிவாக இருக்கிறது. சாஃப்ட்வேருக்கும் அதே தெளிவு இருக்க வேண்டும். இன்ன நேரத்துக்கு முன் முடித்தது இந்த ரேட், பின் முடித்தது அந்த ரேட் என்று இரண்டையும் வைத்திருக்க வேண்டும். பழையதை அழித்துவிட்டு அதன் மேல் புதியதை எழுதக் கூடாது.

இதை நம் ஊரே ஒரு தடவை அனுபவித்தது. போன 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு எடுத்தது. செப்டம்பர் 22 திங்கட்கிழமை முதல் நடப்புக்கு வந்தது. அதுவரை ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரைக்கும் உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்று முதல் 2,500 ரூபாய் வரைக்கும் 5, அதற்கு மேல் 18. ஞாயிறு ராத்திரி 12 மணிக்கு ஒரு விதி, 12 மணி தாண்டினால் இன்னொரு விதி. இடையில் 18 நாள் அவகாசம். இதற்காக நாடு முழுக்கக் கடைகளை மூடச் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறியது.

எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சட்டை மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய பில் போடும் சாஃப்ட்வேரில் 12 என்று இருந்த இடத்தில் 5 என்று மாற்றிக் கொடுத்தார்கள். புது பில் எல்லாம் சரியாக வந்தது. பத்து நாள் கழித்து, ஆகஸ்டில் விற்ற சட்டையில் 40 பீஸ் டேமேஜ் என்று திரும்பி வந்தது. பீஸ் 1,500 ரூபாய். விற்றபோது போட்ட வரி 12 சதவீதம், அதாவது பீஸுக்கு 180 ரூபாய். திரும்ப வரவு வைக்கும்போதும் அதே 180 தான் வர வேண்டும். சாஃப்ட்வேர் காட்டியது 75. பீஸுக்கு 105 ரூபாய் வித்தியாசம். 40 பீஸுக்கு 4,200 ரூபாய். ஆகஸ்டில் 12 இருந்தது என்பதையே அது மறந்துவிட்டது. அவர் ஆடிட்டரிடம் ஓடி, பில்லைக் கையால் எழுதிச் சரிசெய்தார்.

விதியோடு தேதியையும் சேர்த்து எழுதியிருந்தால் இந்த ஓட்டம் மிச்சம். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டில் முதலில் தேதி போடு, பிறகு எழுது என்று 34 வருடம் சொன்னேன். சாஃப்ட்வேர் எழுதும் என் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

---

இனி நான் கேட்டுக்கொள்வது.

பனியன் கம்பெனி, கடை, பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு: சாஃப்ட்வேர் விற்க வருகிறவரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள். இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள்.

1. கூலியோ வரியோ மாறினால், வேலையை நிறுத்தாமல் மாற்ற முடியுமா? முடியாது என்றால் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும்?
2. நிறுத்தும் நொடியில் பாதியில் இருக்கும் கணக்கு என்ன ஆகும்?
3. தப்பான எண்ணைப் போட்டுவிட்டால், ஏற்றுக்கொள்ளும் முன் அது எச்சரிக்குமா? பழையதற்குத் திரும்ப வழி உண்டா?
4. எப்போது, யார், எதை எதுவாக மாற்றினார்கள் என்ற பதிவு இருக்குமா?

பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த ஆளைப் பாருங்கள். 1-ஐயும் 2-ஐயும் உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். துணி வாங்கும்போது துவைத்துப் பார்க்கிறோம் இல்லையா?

சாஃப்ட்வேர் எழுதும் என் மாணவர்களுக்கு: மாறக்கூடிய எண்ணை நிரலுக்குள் புதைத்து வைக்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு 'ரீஸ்டார்ட்'. இரண்டு நிமிடம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். டேப்லெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவளுக்கு அது மத்தியானம் முழுக்க அடித்த வேலை. அவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு நாள் போய்ப் பாருங்கள். லைனில் அரை நாள் நின்று பாருங்கள். அதற்கப்புறம் எழுதுங்கள்.

வேலைக்குப் போகும் என் பிள்ளைகளுக்கு: கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று நோட்டை விட்டுவிடாதீர்கள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான். தேதி போடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 308 ரூபாய் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை அவள் நோட்டைக் கொண்டுபோய் ஆபீஸில் காட்டினாள். நானும் ஒரு போன் பேசினேன். கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. நோட்டைப் பார்த்ததும் பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ரேட் மாற்றுவதை இனி ஷிப்ட் முடிந்த பிறகு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அன்று அந்த லைனில் 18 பேர். கணக்கு எழுதி வைத்திருந்தவர்கள் 3 பேர். மற்ற 15 பேருக்கும் உத்தேசமாக 150 ரூபாய் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் எத்தனை பண்டல் அடித்தார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதில் நன்றாக வேகமாக அடிக்கும் ஒரு பெண், இவளைவிட அதிகம் அடித்திருப்பாளாம். அவளும் 150 வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த 15 பேரில் எத்தனை பேர் என்னிடம் படித்தவர்கள் என்று தெரியவில்லை. படித்திருந்தால் நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி வைத்திருப்பவர்கள் அந்த நாலு கேள்வியை நாளைக்கே கேட்டுவிடுங்கள். பதில் என்ன வந்தது என்று எனக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மூன்று வரை மட்டும் கூப்பிட வேண்டாம், தூங்குவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அவிநாசி.